சுவர் இல்லாத குளம்: வன்னியில் ஒரு நீச்சல் பயிற்றுநரின் தொழில் வாழ்வு

2015 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு 25 மீற்றர் தடாகம், மாகாணப் பாடசாலைப் போட்டி. பெண்களுக்கான 50 மீற்றர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் நான் இரண்டாவதாக வந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது எங்கள் பயிற்றுநர் சேர் கைதட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒட்டிய முடிவுப் பட்டியலில் என் பெயர் இல்லை. திரும்புகிற இடத்தில் ஒரு கையால் தொட்டதாக நடுவர் எழுதியிருந்தார்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்பிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரில் பட வேண்டும். இந்த விதியைச் சேர் கரும்பலகையில் எழுதியே படிப்பித்திருந்தார். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு கைதான் போனது.

திரும்பி வரும் வழியில் பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது சேர் பின்னாலிருந்து எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். "பிழை உன்ர கையில இல்லைப் பிள்ளை. நான் நட்ட கம்பில," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன். 1997 இல் தொடங்கி 2025 இல் ஓய்வு பெற்ற ஒரு உடற்கல்வி ஆசிரியரின் கதை இது. அவர் கேட்டுக்கொண்டதால் அவருடைய பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதவில்லை. நான் அவரிடம் தரம் 8 இலிருந்து நீந்தப் பழகியவள், இப்போது உடற்கல்வி ஆசிரியை. அதனால் இதை வெளியில் நின்று எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் விட்ட பிழைகளை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார், அவற்றையும் எழுதுகிறேன்.

கடல்

அவர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பன் கரைவலை இழுத்தவர். ஊர்ப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தபோது கணிதமும் விளையாட்டும் கொடுத்தார்கள். நீச்சல் பயிற்றுநர் என்று ஒரு பதவி அங்கே இருக்கவில்லை. வன்னியில் இன்றைக்கும் அது பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு தன் நேரத்தில், தன் சைக்கிளில் போய்ச் செய்கிற வேலைதான்.

கரையோரப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அவர் கற்றுக்கொடுத்தது தூரத்தை. கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் ஆவணி மட்டும் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு கரைக்குச் சமாந்தரமாக நீந்துவார், பக்கத்தில் ஒரு தெப்பம் வரும். களைத்தவன் தெப்பத்தைப் பிடிக்கலாம், ஏறக் கூடாது. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

அந்த நாளில் வடக்கில் நீச்சல் என்றாலே ஆழிக்குமரன் ஆனந்தன்தான். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் போய் நீந்தியே திரும்பி வந்தவர், 1971 இல், 51 மணித்தியாலத்தில். அவருக்கு முன்னரே 1954 இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையைக் கடந்திருந்தார். 1966 இல் இந்தியாவின் மிகிர் சென் தலைமன்னாரில் இறங்கித் தனுஷ்கோடியில் ஏறினார். ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். எங்கள் சேருக்கு அப்போது 19 வயது. செய்தி வந்த நாளில் தகப்பன் வலைக்குப் போகவில்லை என்று சொல்லுவார்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்து நீச்சலின் பெருமை எல்லாம் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. கடலில் சுவர் கிடையாது. திரும்புவது, தொடுவது, சுவரை உதைத்துக்கொண்டு புறப்படுவது என்ற மூன்றும் அங்கே யாருக்கும் வேண்டாம். மூச்சும் தோளும் மனமும் இருந்தால் போதும். பாடசாலைப் போட்டியின் கணக்கே வேறு. 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றர் நீந்த மூன்று தரம் திரும்ப வேண்டும். பிரீஸ்டைலில் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் 15 மீற்றர் வரை நீருக்கடியில் போகலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. நன்றாக உதைக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தூரம் கிட்டத்தட்டக் கையில் கிடைத்த மாதிரி. உதைக்கத் தெரியாதவர் அதையும் நீந்தித்தான் முடிக்க வேண்டும். கடலில் படித்த எங்கள் பயிற்றுநர் இந்தக் கணக்கைப் பிடிக்க நிறைய வருடம் எடுத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. அவருடைய குழுவில் இருந்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வரவில்லை. எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை. நல்லாய் நீந்தக்கூடியவர்களும் அதில் இருந்தார்கள் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு கடலில் ஒரு நாளும் பயிற்சி வைக்கவில்லை. பிறகு யுத்தம், இடப்பெயர்வு, செட்டிகுளத்து முகாம். ஆறு வருடம் அவருடைய தொழில் வாழ்வில் தண்ணீரே இல்லை.

குளம்

2010 இல் மீளக் குடியேறிய பிறகு கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளே ஒரு பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு நடுத்தரக் குளம். கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் மண்டையோட்டுப் பலகைகள் அந்தப் பக்கத்துக் காட்டோரங்களில் அப்போதும் நின்றன. அவர் நன்னீர் மீன்பிடிக்காரர் வள்ளம் இறக்குகிற துறையை மட்டும் தேர்ந்தெடுத்தார். அவர்கள் தினமும் கால் வைக்கிற இடம் என்பது ஒரு காரணம். முதலை எங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்பது மற்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் அவர்களிடம் போய்க் கேட்பார். "இண்டைக்கு வேண்டாம் சேர்" என்றால் வேண்டாம்தான், பிள்ளைகள் குளக்கட்டில் ஓடிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

குளத்தில் பயிற்சி வைப்பதில் வெளியாட்களுக்குத் தெரியாத சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மாரி மழையில் ஐப்பசி தொடங்கித் தை வரை குளம் நிரம்பும். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிற நாட்களில் இறங்கவே கூடாது, வெள்ளம் வடிந்த கையோடு எலிக்காய்ச்சல் பயம் வேறு. முதலாம் தவணை முழுக்க இல்ல மெய்வல்லுநர் போட்டி, உடற்கல்வி ஆசிரியருக்கு மூச்சு விட நேரமில்லை. பங்குனியில் ஓய்ந்து குளத்துக்கு வந்தால், சித்திரை வைகாசியில் சிறுபோக நெல்லுக்குத் துருசு என்கிற மதகைத் திறந்துவிடுவார்கள். சோளகக் காற்று அடிக்கத் தொடங்க, நீர் கிழமைக்குக் கிழமை பின்வாங்கும். வலயம், மாகாணம் என்று போட்டிகள் வருகிற நடுவருட மாதங்களில் எங்கள் தடாகம் ஒரு சேற்றுக் குட்டையாகக் கிடக்கும். நீர் சுருங்கச் சுருங்க முதலைகளும் அதே குட்டைக்குள்தான் வந்து சேரும். ஆக, வருடத்துக்கு நான்கு மாதம் கிடைத்தால் நல்ல வருடம்.

அந்த நான்கு மாதத்தில் முதல் மாதம் முழுக்க மூச்சுக்குப் போய்விடும். குளத்துப் பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துகிறவர்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் தாழும், உடம்பே தண்ணீருக்கு எதிரே ஒரு பலகை மாதிரி நிற்கும். முகத்தை உள்ளே வைக்கச் சொன்னால் மூச்சை அடக்கிக்கொள்வார்கள், அடக்கினால் பத்து வீச்சில் களைப்பு. சேர் குளத்தில் இதைத் தொடங்கவில்லை. வகுப்பறையில், மேசையில், உடுப்புத் தோய்க்கிற பேசினில் தொடங்கினார். "ம்ம்ம் எண்டு சொல்லிக்கொண்டு முகத்தை வை. சத்தம் நிண்டால் எழும்பு." மூக்கு வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டிருந்தால் தண்ணீர் உள்ளே வராது. இதை விளக்கினால் யாருக்கும் ஏறாது, ம் என்று சொல்லச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வரும். ஒரு வகுப்பே பேசின்களுக்குள் முகத்தை வைத்து ம்ம்ம் என்று முழங்கியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நானும் இப்போது அப்படித்தான் தொடங்குகிறேன், அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லோரும் பேசினோடு சரியாகிவிடவில்லை. 2009 இல் யுத்தத்தின் கடைசியில் நந்திக்கடல் களப்பைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களோடு படித்தார்கள். அவர்களில் ஒருவன் நெஞ்சு மட்டும் இறங்குவான். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். சேர் அவனை இழுக்கவும் இல்லை, வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. நிறுத்தற் கடிகாரத்தை அவன் கையில் கொடுத்து நேரம் எடுக்கிறவன் ஆக்கினார். ஒரு வருடம் முழுக்க எங்கள் எல்லோருடைய நேரத்தையும் அவன்தான் எழுதினான். அடுத்த வருடம் ஒரு பின்னேரம் கடிகாரத்தை என்னிடம் தந்துவிட்டுத் தானாகவே இறங்கினான். சேர் கவனித்தார், ஆனால் மீன்பிடிக்காரரோடு கதைத்துக்கொண்டிருப்பது போலவே நின்றார்.

அம்மாமார்

பெண் பிள்ளைகளைக் குளத்தில் இறக்குவது அவ்வளவு லேசாக நடக்கவில்லை. இதில் அவர் எடுத்த ஒரு முடிவை நான் அவருடைய தொழில் வாழ்வின் மிகக் கெட்டிக்கார முடிவு என்பேன்.

முதல் வருடம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "பொம்பிளைப் பிள்ளை சேர், ஆக்கள் பாப்பினம்." அடுத்த வருடம் யாரையும் கேட்கவில்லை. பயிற்சி இடத்தைப் பெண்கள் குளிக்கிற துறைக்குப் பக்கத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மாற்றினார். நேரத்தையும் அவர்கள் உடுப்புத் தோய்க்க வருகிற பின்னேரத்துக்கு மாற்றினார். கூடவே ஒரு ரீச்சரை எப்போதும் குளக்கட்டில் இருத்தினார், ரீச்சர் வராத நாளில் பயிற்சி இல்லை. அம்மாமார் குறுக்குக்கட்டோடு தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார்கள். சேர் எங்கே நிற்கிறார், என்ன சொல்கிறார், எங்கே கை வைக்கவில்லை என்பது வரை பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் என் அம்மாவே, "நீயும் போய்ப் பழகன்," என்றா. அப்போது நான் தரம் 8. பழைய டீசேர்ட்டும் நீளக் காற்சட்டையும்தான் என் முதல் நீச்சல் உடை. நனைந்த துணி காலை இழுக்கும். அதனால்தானோ என்னவோ பிறகு நைலோன் உடை போட்டபோது பறக்கிற மாதிரி இருந்தது.

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்த பிறகு நிலைமை மறுபக்கம் திரும்பியது. தை மாதம் பாடசாலை தொடங்கியதும் பெற்றோர் தாங்களே வந்து கேட்டார்கள். சிறிய பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். அவருக்குத் தனியே சமாளிக்க முடியாத கூட்டம் அது.

கம்பும் பலகையும்

இப்போது 2015 க்கு வருகிறேன்.

குளத்தில் அவர் 25 மீற்றரை நீளம் பாய்தலுக்கு வைத்திருந்த நாடாவால் அளந்து, இரண்டு முனையிலும் கம்பு நட்டிருந்தார். நாங்கள் கம்பு வரை நீந்திப் போவோம், ஒரு கையால் பிடிப்போம், அதைச் சுற்றிச் சுழன்று திரும்புவோம். வேகமாகவும் வரும், ஒரு விளையாட்டாகவும் இருக்கும். இரண்டரை வருடம் ஆயிரக்கணக்கான தடவை அந்தக் கம்பை ஒரு கையால் பிடித்த உடம்பு, யாழ்ப்பாணத்துச் சுவரைக் கண்டதும் கம்பென்றே நினைத்தது. கரும்பலகையில் எழுதிய விதி என் தலைக்குள் இருந்தது, கைக்குள் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் குளத்துக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு பனம் பலகை கட்டியிருந்தது. துருசுக் கட்டின் சீமெந்துச் சுவரைப் பாவிக்கலாமே என்று ஒரு பெடியன் கேட்டான். சேர் அவனைக் கூட்டிக்கொண்டு போய், துருசு வாய்க்குப் பக்கத்தில் ஒரு தென்னோலைத் துண்டைப் போட்டுக் காட்டினார். ஓலை மெல்ல மெல்ல நகர்ந்து போய் ஒரே இழுவையில் உள்ளே மறைந்தது. அதன் பிறகு யாரும் துருசுச் சுவரைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டு கம்புக்கு நடுவில் பலகையை நீர்மட்டத்திலிருந்து கீழே முழங்கையளவு இறங்குமாறு அறைந்தார். முதல் நாளே காலில் சிராய் ஏறியது. பழைய லொறி ரயரின் ரப்பரை வெட்டி மேலே அடித்தார். கால் வழுக்காது, உதைத்தால் திருப்பி உதைக்கும். பேக் ஸ்ட்ரோக் காரருக்காகப் பலகைக்கு 5 மீற்றர் முன்னால் ஒரு கயிறு கட்டி, உரப்பையைக் கீலங்கீலமாக வெட்டித் தொங்கவிட்டார். தடாகத்தில் அந்த இடத்தில் கொடிகள் தொங்கும், மல்லாந்து நீந்துகிறவர் கொடியைக் கண்டதும் எத்தனை வீச்சில் சுவர் வரும் என்று எண்ணுவார். மீன் பெட்டியின் ரெஜிபோம் மூடிகள் கால் அடித்துப் பழகுகிற பலகைகள் ஆகின.

நீர் இறங்க, பலகை தரையில் நிற்கும். ஒவ்வொரு கிழமையும் பிடுங்கி உள்ளே நகர்த்தி நட வேண்டும். அந்த வருடம் ஆடி வரை எங்கள் சுவர் குளத்துக்குள் நடந்துகொண்டே போனது. அந்தக் காலத்திலிருந்துதான் அவர் கொப்பியில் எழுதத் தொடங்கினார்: தேதி, நீர்மட்டம், யார் எத்தனை திருப்பம், எத்தனை சரி. தூரம் என்ற பத்தி சிறியதாகி, திருப்பம் என்ற பத்தி பெரியதானது. 18 வருடத்துக்குப் பிறகு ஒரு பயிற்றுநர் தன் பயிற்சியின் அடிப்படையையே மாற்றுவது சின்ன விஷயமில்லை. கடலில் படித்த அவரைப் பொறுத்தவரை அது தன் தகப்பனையும் ஆனந்தனையும் கொஞ்சம் தள்ளி வைப்பது போலத்தான் இருந்திருக்கும்.

தடாகம்

கிளிநொச்சி விளையாட்டுத் தொகுதியில் நீச்சல் தடாகம் வந்த பிறகு மாதம் சில தடவை அங்கே போனோம், இரண்டு பஸ் மாறி. முதல் நாள் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கலங்கல் குளத்தில் அஞ்சாமல் பாய்கிற பிள்ளைகள் தெளிந்த தண்ணீரைக் கண்டு நின்றுவிட்டார்கள். "அடி தெரியுது சேர்!" ஆழம் கண்ணுக்குத் தெரிந்தது அவர்களுக்கு முதல் தடவை. சேர் அவர்களை அடியில் கிடந்த கறுப்புக் கோட்டை மட்டும் பார்க்கச் சொன்னார். கோடு முடிந்து குறுக்குக் கோடு வந்தால் சுவருக்கு 2 மீற்றர். குளத்தில் பலகையைத் தேடிப் பழகிய பிள்ளைகளுக்கு அது சொல்லாமல் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் மாதிரி இருந்தது.

2020 இல் கொரோனா, 2022 இல் பெற்றோல் வரிசை. தடாகம் எட்டாத இடத்துக்குப் போனது, பலகையும் குளமும் இருந்தன.

அவருடைய பிள்ளைகளில் சிலர் அகில இலங்கைப் போட்டி வரை போனார்கள். தேசியப் பதக்கம் ஒன்றும் வரவில்லை. மேலிடத்துப் படிவங்களில் பயிற்றுநரின் வேலைக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது, பதக்கங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு வருடமும் அதில் சிறிய எண்ணை எழுதிக் கொடுத்தார். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021 இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 29 வயதுக்குக் குறைந்தவர்கள். வான் பாய்கிற நாளில் குளிக்கப் போய் இளம் பிள்ளைகள் மூழ்குகிற செய்தி எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். அவரிடம் பழகியவர்கள் அந்த நாளில் இறங்கக் கூடாது என்று மற்றவர்களையும் தடுக்கிறார்கள். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

பிழைகளும் உண்டு. 2015 வரை எழுதி வைக்காதது அவரே சொன்ன பெரிய பிழை. எந்தப் பிள்ளை எப்போது முன்னேறியது என்று இன்று யாராலும் பார்க்க முடியாது. பெண் பயிற்றுநர் ஒருவரை உருவாக்காமல் ரீச்சரைக் குளக்கட்டில் இருத்தியே வருடங்களைப் போக்கியது இரண்டாவது. 2018 க்குப் பிறகு கூட்டம் வந்தபோது அவருக்குக் கை கொடுக்க யாரும் இருக்கவில்லை, அரைவாசிப் பேர் திரும்பிப் போனார்கள். தூரம் நீந்துகிற திறமை உள்ள ஒன்றிரண்டு பிள்ளைகளை, திருப்பத்தின் மேல் வந்த வேகத்தில் அவர் கவனிக்காமல் விட்டார் என்றும் நான் நினைக்கிறேன். கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓம், அந்தத் தலைமன்னார்ப் பெடியன்," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

இந்த வருடம் பங்குனியில் நான் என் பாடசாலைப் பிள்ளைகளை அதே குளத்துக்குக் கூட்டிப் போனேன். புதுப் பலகை, பழைய ரயர் ரப்பர். சேர் சைக்கிளில் வந்தார். பலகையை ஒரு தரம் கையால் ஆட்டிப் பார்த்தார், நீருக்குக் கீழே கையை விட்டு முழங்கையால் அளந்தார். பிறகு குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளக்கட்டில் இருந்தார். தண்ணீர் கலங்கல், கை படுவது எப்படியும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கையும் சேர்ந்து பட்டால் பலகையில் ஒரு சத்தம், முந்திப் பிந்திப் பட்டால் இரண்டு.

தரம் 7 பிள்ளை ஒருத்தி வந்து தொட்டாள்.

"ரெண்டு," என்றார் திரும்பாமல்.

மறுபடி போய் வந்தாள். டப்.

"ஒண்டு. அடுத்த ஆளை விடுங்கோ ரீச்சர்."